மிதவைக்காரியிடம் வழி கேட்டால்

பார்க்க என்ன இருக்கிறது இங்கே என்று
கார்க் கண்ணாடியை இறக்கிக் கேட்பார்கள்.
முதலில் கைப்பிரேக்கைப் போடுங்கள் என்பேன்.
முகப்பு விளக்கை அணையுங்கள்.
மர்ரே ஆற்றைக் கடக்க நான்கு நிமிடம்.
காசில்லை. நடுச்சாமத்திலும் உண்டு.
தண்ணீருக்கடியில் கிடக்கும் கம்பிவடத்தைப் பற்றிக்கொண்டு
இந்த இரும்புத்தட்டு கரை மாறுகிறதே,
அதுதான் முதல் காட்சி.
அதற்குள் போனில்
அடுத்த காட்சியைத் தேடிக்கொண்டிருப்பார்கள்.

சரி, கேட்டதற்காகச் சொல்கிறேன்.
மேற்குக் கரையில் நோஸ்கேயின் கடை.
சுவரில் வெள்ளம் வந்த வருடங்களைக் கோடு போட்டிருக்கிறார்கள்.
ஐம்பத்தாறு, கதவுக்கு மேலே.
அதன் கீழே நின்று சிரித்துப் படமெடுப்பவர்கள்
ஐஸ்கிரீம் தவிர எதிலும் நனைந்ததில்லை.

திருப்பத்தில் ஸ்டாவ்ரூலாவின் ஆரஞ்சுப் பந்தல்.
ஆள் இருக்கமாட்டாள்.
தகரப்பெட்டியில் ஐந்து டாலர், ஒரு பை.
சில நாள் பெட்டியில் சட்டைப் பொத்தான் கிடக்கும்.
அதையும் கணக்கில் எழுதுகிறாள்:
ஞாயிறு, பொத்தான், இரண்டு.

அந்தப் பெரிய யூகலிப்டஸின் உடம்பில்
ஓடத்தின் நீளத்துக்கு ஒரு வடு.
ஓடம்தான்.
பட்டையை உரித்து மிதக்கவிட்டுப் போனவர்களின் வழிவந்தவன் ட்ரெவர்.
அடுத்த ஷிப்ட் அவனுடையது.
'அந்தக் காலத்தில் உங்கள் ஆட்கள்' என்று
அவனிடம் மட்டும் பேச்சைத் தொடங்காதீர்கள்.

தூண்டிலில் கெண்டை சிக்கினால்
திரும்ப ஆற்றில் விடக்கூடாது. சட்டம்.
கொசு கடித்தால் சட்டம் எதுவும் இல்லை.

போன ஞாயிறு ஒரு வெள்ளி நிறக் கார்.
அவனிடம் அட்டவணை இருந்தது:
மூன்று மணிக்கு ஒயின், நாலரைக்கு அருங்காட்சியகம்.
அவளுக்குக் கூழைக்கடாவைப் பார்க்க வேண்டும்,
பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.
நடு ஆற்றில் கதவைத் திறந்து இறங்கிக்
கம்பியோரம் போய் நின்றாள்.
கிழக்குக் கரையில் கார் இறங்கியது, அவள் இறங்கவில்லை.
என்னோடு மேற்கே திரும்பி வந்து
பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள்.

பிறகு எனக்குத்தான் வேலை.
அவளுடைய செருப்பைக் கொண்டுவந்தேன்.
அவனுக்குத் தொப்பி கொண்டுபோனேன்.
அட்டவணை பாதியாய்க் கிழிந்து ஒருமுறை போனது,
காலாய்க் கிழிந்து திரும்பி வந்தது.
ஒரு பை ஆரஞ்சு போய்ச் சேர்ந்தபோது
நான்கு குறைந்திருந்தது. ஒன்று நான் தின்றது.
பேசிக்கொள்ள மட்டும் மறுத்துவிட்டார்கள்.

ஏழு மணி வாக்கில்
கிழக்குக் கரைப் பாறைச்சுவரில் வெயில் ஏறும்.
மஞ்சள், பிறகு ஆப்ரிகாட்,
பிறகு என்னிடம் பெயர் இல்லாத ஒன்று.
"டெஸ்மண்ட், பின்னால் பார்!"
ஆற்றின் அகலம் முழுக்க அவள் கத்தினாள்.
அவன் திரும்பிப் பார்த்தான்.
பாறையடியில் நிற்பவனுக்கு
பாறைதானே தெரியும்.
"என்ன இருக்கிறது இங்கே?"
இது நான் தினமும் கேட்கும் கேள்வி.
மிதவையை அங்கே கொண்டுபோய் நிறுத்தி
தடுப்புக் கம்பியைத் தூக்கினேன்.

காரை விட்டுவிட்டு நடந்து ஏறினான்.
நடு ஆறு வந்ததும் வாயை மூடிக்கொண்டான்.
மேலே பாறை, கீழே அதே பாறை தலைகீழாய்,
இடையில் ஒரு கூழைக்கடா
இரண்டையும் தொடாமல் போனது.
அன்று அந்தக் கடவைக்கு ஏழு நிமிடம் ஆயிற்று.
பதிவேட்டில் நான்கு என்று எழுதினேன்.

சமாதானம் ஆனார்களா, தெரியாது.
ட்ரெவர் வந்துவிட்டான், நான் வீட்டுக்குப் போனேன்.
காலையில் அந்தக் கார்
கிழக்குக் கரையிலேயே நின்றிருந்தது,
கண்ணாடி முழுக்கக் கூழைக்கடா எச்சத்தோடு.